சர்ஜன் வீட்டுக் குடல்வால்

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீடு திரும்பிய பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஆரஞ்சுப் பழப் பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிடுவார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபிக்காரி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "கர் மே ஹீ டாக்டர், ஃபிர் பீ?" என்றாள். வீட்டிலேயே டாக்டர் இருந்துமா என்று அர்த்தம். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா கொஞ்சம் நாசூக்கானவர். "பவர் ஹவுஸ்காரர் வீட்ல மெழுகுவத்தி ஏத்தின கதையால்ல இருக்கு!" என்று சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டார். ஊரிலிருந்து சித்தப்பா மட்டும் டிரங்க் கால் போட்டு ஒரே கத்தாகக் கத்தினார். "ஒங்க அண்ணன் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தான்?"

ஆளாளுக்குப் பதில் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடைப் பொட்டலத் தாளையும் வாரப் பத்திரிகையையும் எழுத்துக் கூட்டி வாசித்தே தமிழ் பழகினேன். இருந்தாலும் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடுகிறேன். எனக்கு வந்தது குடல்வால் நோவு. அது வெடித்தது, சீழ் பிடித்தது, பிழைத்தேன். என் அண்ணனுக்கு வந்ததற்கு டாக்டர்கள் பேர் எதுவும் சொல்லவில்லை. நான் எழுந்து நடப்பேனா என்று வீட்டில் எல்லாரும் பயந்தார்கள். அண்ணன் மறுபடி கத்தியைக் கையில் எடுப்பாரா என்றுதான் நான் பயந்தேன்.

அண்ணன் டெல்லியில் ஒரு பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் சர்ஜன். கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸ். அண்ணன், மதினி, அவர்களுடைய பிள்ளைகள், வேலைக்குப் போகிற தம்பிகள், ஒரு தம்பி பெண்டாட்டி, கைக்குழந்தை. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நானும் என் மகளும் வந்து சேர்ந்தோம். இது போக, திருநெல்வேலியிலிருந்து யாராவது ஒரு சொந்தக்காரர் குடலிறக்கத்தையோ மூலத்தையோ தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்து எங்கள் வராந்தாக் கட்டிலில் படுத்திருப்பார். ஒரு கட்டில் காலியானால் மதினி சொல்வார்கள்: "தலகாணி உறையைத் துவைச்சுப் போடு கோமு. அடுத்த நோவு வண்டி ஏறியாச்சு."

அத்தனை பேருக்கும் ஒரு ஆள்தான் முதுகெலும்பு. விடியுமுன் போவார். திரும்பி வருகிறபோது முகம் சலவைக்குப் போட்ட துணி மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் வார்டை ஒரு சுற்றுச் சுற்றாமல் இருக்க மாட்டார். ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாகத் தரையில் உட்கார வேண்டும், அது அவர் பிடிவாதம். ஒரு தட்டு குறைந்தாலும் "அவன் எங்க?" என்பார். பிள்ளைகளின் பரீட்சை, தம்பியின் ஆபீஸ் சண்டை, கைக்குழந்தையின் பல் எல்லாம் அந்தச் சோற்று வேளையில் பேசித் தீர்ப்பார்.

பேசக் கூடாதது ஒன்றே ஒன்று, உடம்பு. அந்தச் சட்டத்தைப் போட்டது மதினி. "நாள் பூரா நோவுலதான் கெடக்காக. வீட்டுக்கு வந்தாவது நாலு வாய் நிம்மதியாத் திங்கட்டும்" என்பார்கள். அதனால் எங்களுக்குத் தலைவலி என்றாலும் கால்வலி என்றாலும் முதலில் மதினியிடம் போக வேண்டும். அவர்கள் நெற்றியைத் தொட்டு, நாக்கை நீட்டச் சொல்லி, ஓமத்திரவத்துக்கு இது, டிஸ்பென்சரிக்கு இது, அவுகளுக்கு இது என்று பிரிப்பார்கள். அவுகளுக்கு, அதாவது அண்ணனுக்கு, என்று ஒதுக்குவது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அந்தக் கணிப்பு அநேகமாகத் தப்பாது. பிள்ளைகள் அவர்களைச் சின்ன டாக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்குத் தொப்புளைச் சுற்றி வலி எடுத்தது. பஞ்சாபிக்காரி கொடுத்த மூலி பரோட்டாவை, முள்ளங்கி வைத்து நெய் வழிகிற அந்தப் பரோட்டாவை, ஆசையில் கூட ஒன்று தின்றிருந்தேன். வாந்தி எடுத்தேன். மதினி சிரித்தார்கள்.

"ஓசின்னா ஒனக்கு வயிறு ரெண்டா ஆயிருமே. வாயுதான். படு."

ஓமத்திரவம் கொடுத்தார்கள். வலி மெல்ல இறங்கி வலது பக்கம் அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி, துண்டைச் சுற்றி அந்த இடத்தில் வைத்தார்கள். என் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆறினதும் மாற்றி மாற்றி வைத்தார்கள். டெல்லிக் குளிரில் அந்தச் சூடு எவ்வளவு சுகம் என்று எப்படிச் சொல்ல! அம்மா மடியில் கிடக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அந்த வலி பட்டென்று நின்றது. விளக்கை அணைத்தாற்போல நின்றது. "மைனி, போயிருச்சு!" என்று மதினியிடம் அடுப்படிக்கு ஓடினேன். அவர்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். "நான் சொன்னேம்லா?"

நோவு போகவில்லை. குடல்வால் வெடித்திருந்தது. பெருங்குடலின் ஓரத்தில் புழு மாதிரி ஒரு சின்ன வால் தொங்குகிறது, அதில் அடைப்பு வந்தால் வீங்கிச் சீழ் பிடிக்கும், சூடு வைத்தால் சீக்கிரம் உடையும், உடைகிற நேரத்தில் உள்ளே அழுத்தம் இறங்குவதால் வலி போன மாதிரி இருக்கும் என்று பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். பிறகு அந்தச் சீழ் வயிறு முழுக்கப் பரவும். அப்படிப் பரவுவதற்குப் பெரிட்டோனைட்டிஸ் என்று பேர். இந்தப் பேரெல்லாம் இன்று எனக்கு மனப்பாடம். அன்று எனக்குத் தெரிந்தது அந்த நிம்மதி ஒன்றுதான். இப்போதும் உடம்பில் எங்காவது வலித்துக்கொண்டிருந்து சட்டென்று நின்றால், அண்ணன் வருகிறவரை நான் உட்காருவதில்லை.

அன்று ராத்திரி எல்லாரோடும் சாப்பிட உட்கார்ந்தேன். அண்ணன் எதிரில் இருந்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏட்டி கோமு, மொகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி சொல்லிவிட்டார்கள். "ஒண்ணுமில்ல, வாயு. சரியாப் போச்சு. நீங்க சாப்பிடுங்க."

அண்ணன் இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் தட்டைப் பார்த்தார். சாப்பிட்டார்.

விடிந்தபோது எனக்குக் குளிர்க்காய்ச்சல். இரண்டு ரஜாய் போர்த்தியும் பல் கிட்டியது. அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்து என் வயிற்றில் கையை வைத்தார். எத்தனை ஆயிரம் பேர் வயிற்றைத் தொட்ட கை, என் மேல் பட்டது அன்றுதான் முதல் தடவை. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார், நான் அலறினேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். வாசற்படியில் மதினி அந்த ரப்பர் பையில் புதுசாக வெந்நீர் ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அண்ணன் சத்தம் போடவில்லை. "ஒத்தடமா குடுத்தே?" என்று மட்டும் கேட்டார். அவர் சத்தம் போட்டிருக்கலாம் என்று மதினி இன்றும் சொல்வதுண்டு.

ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடியதும் மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் போனதும் ஞாபகம் இருக்கிறது. சொந்த ரத்தத்தைச் சர்ஜன் வெட்ட மாட்டார், அது அவர்களுக்குள் ஒரு வழக்கம். கை நடுங்கும் என்பார்கள். அண்ணனிடம் வேலை கற்ற டாக்டர் மல்ஹோத்ராதான் என்னை அறுத்தார். அண்ணன் தியேட்டர் கதவுக்கு வெளியே நின்றாராம். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் நிற்கிற இடத்தில், அவர்களோடு ஒருவராக. அதுவரை அந்தக் கதவுக்கு வெளியே அவர் நின்றதே இல்லை.

கண் விழித்தபோது மூக்கு வழியாக ஒரு குழாய் வயிற்றுக்குள் போயிருந்தது. பக்கவாட்டில் இன்னொரு குழாய், சீழ் வடிய. கையில் குளுக்கோஸ். தாகம் என்றால் அப்படி ஒரு தாகம், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் தர மாட்டார்கள். மலையாளத்து சிஸ்டர் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டு, "குடிக்கண்டா அக்கா, குடல் ஒறங்குது. எழும்பட்டே" என்பார். குடல் விழித்துச் சத்தம் போடும்வரை காத்திருக்க வேண்டுமாம். என் வயிறு எப்போது உறுமும் என்று ஒரு வார்டே காது கொடுத்துக் காத்திருந்தது.

படுக்கையின் மேல் ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். அந்த ரப்பர் வாசனை வெந்நீர்ப் பையின் வாசனையேதான். காய்ச்சல் ஏறும்போதெல்லாம் யாரோ என் வயிற்றில் அந்தப் பையை வைத்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். தள்ளப் பார்ப்பேன், கை வயிற்றில் சுற்றிய கட்டுத் துணியைத்தான் தொடும்.

கட்டிலுக்குக் காசு வாங்குவதில்லை. வெளியே வாங்க வேண்டிய ஊசிமருந்தைத் தம்பிகள் ஆபீசில் முன்பணம் கேட்டு வாங்கி வந்தார்கள். அதன் விலைச் சீட்டை என் கண்ணில் காட்டாமல் பைக்குள் திணிப்பார்கள். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, காலில் சாக்ஸ் போட்டுவிட்டுப் போவாள். குடல் விழித்த பிறகு மதினி தினமும் கஞ்சி கொண்டு வருவார்கள். ஆனால் அண்ணன் வார்டில் இருக்கிற நேரம் மேலே வர மாட்டார்கள். தூக்குவாளியோடு கீழே புல்வெளியில், ரஜாய்களைக் காயப்போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே காத்திருப்பார்கள். அண்ணன் போனதும் வருவார்கள். வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை என்பதை என் மகள்தான் சொன்னாள். "மாமா சாப்ட ஒக்காரவே இல்லம்மா. நின்னுக்கிட்டே ரொட்டி திங்கறாங்க."

அண்ணன் என் கட்டிலருகே முக்காலியில் வந்து உட்காருவார். வெள்ளைக் கோட்டின் பைகளுக்குள் இரண்டு கையும் இருக்கும். வெளியே எடுக்கவே மாட்டார். சார்ட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து எப்போதும் அதே கேள்வி வரும்.

"கோமு, அன்னைக்குச் சாப்பிடும்போது நான் ஒன்னயப் பாத்தேம்லா?"

"பாத்தீங்க அண்ணே. மைனிதான் வாயுன்னு சொன்னாங்களே."

"அவ சொன்னா. நான் பாத்தேன். பாத்துட்டு ரசஞ்சோறு தின்னேன்."

பக்கத்துக் கட்டிலில் செல்லக்கண்ணு என்று ஒருத்தி. கள்ளக்குறிச்சிப் பக்கத்தவள், கட்டட வேலையில் செங்கல் சுமக்கிற சித்தாள். பித்தப்பையில் கல். புருஷன் வெளியே குல்லாவும் கம்பளியுமாக உட்கார்ந்திருப்பான். அவள் வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. "செங்கல்லு செமந்து செமந்து உள்ளயே ஒண்ணு போயிருச்சு போல அக்கா" என்பாள். வார்டே சிரிக்கும்.

அவள் பேர் அண்ணன் யூனிட்டில் எழுதியிருந்தது. முதலில் ஒரு நாள் ஆபரேஷனுக்கென்று பட்டினி போட்டு, அப்புறம் இன்றைக்கு இல்லை என்றார்கள். இன்னொரு நாளும் அப்படியே. டாக்டர் மல்ஹோத்ரா என் தையலைப் பார்க்க வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தீதி, சார் தியேட்டருக்கே வரதில்ல. எல்லா கேசும் எங்களுக்குத் தள்ளிடறார். நானும் எவ்வளவு எடுக்கறது? கஷ்டமான கேஸ் எல்லாம் நிக்குது." டெல்லித் தமிழர்களோடு பழகி அவருக்குத் தமிழ் அரைகுறையாக வரும். "நீங்க சொல்லுங்களேன்."

நான் என்ன சொல்ல? சொன்னேன். அண்ணன் எழுந்து போய்விட்டார்.

செல்லக்கண்ணு விடவில்லை. "தங்கச்சிய அறுக்க மாட்டேன்னாரு, சரி. என்னய ஏன் அறுக்க மாட்டேங்கறாரு? நான் அவுருக்குச் சின்ன தங்கச்சியா? கேளுக்கா நீ." வலி வந்து சுருண்டு படுப்பாள். வலி போனதும் மறுபடி கேட்பாள். கண் வெள்ளை மஞ்சளாகிக்கொண்டே வந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. நான் பிழைத்துக்கொண்டு, என் பொருட்டு இவள் போய்விட்டால்? படுத்தால் அதே நினைப்பு. என் வயிற்றில் உடைந்தது என்னோடு நிற்காமல் அண்ணனுக்குப் பரவி, இவளுக்கும் பரவிக்கொண்டிருக்கிற மாதிரி தோன்றும்.

எனக்கு மறுபடி காய்ச்சல் ஏறியது. ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்கள். மிச்சச் சீழ் இடுப்புக் கூட்டுக்குள் ஆழத்தில் கட்டியாகத் தங்கிவிட்டதாம். கீழிருந்து சின்னதாகக் கீறி வடித்துவிடலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார் மல்ஹோத்ரா. அதைக் கேட்டு அண்ணன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் மதினி மேலே வந்தார்கள். அண்ணன் இருக்கிறார் என்று தெரிந்தே வந்தார்கள். தூக்குவாளியை என் தலைமாட்டில் வைத்தார்கள். நான் பயந்துபோனேன்.

மதினி அழவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

"சூடு வச்சது நான்" என்றார்கள். "இந்தக் கை. வாயுன்னு சொன்னதும் இந்த வாய். இவளப் பேச விடாமச் செஞ்சதும் நான்தான். ராத்திரி படுத்தா எனக்கும் ஒறக்கம் வரல. ஆனா விடிஞ்சா அத்தன பேருக்கும் பசிக்குதே. இந்தக் கையாலதான் இன்னைக்கும் சோறு வடிச்சேன். இவளுக்குக் கஞ்சி காச்சினேன். வேற கைக்கு நான் எங்க போவேன்?"

அண்ணன் நிமிரவில்லை.

"நீங்க கையப் பைக்குள்ள வச்சிருக்கீக" என்றார்கள் மதினி. "அந்தப் பிள்ளைக்குக் கண்ணு மஞ்சளாயிக் கெடக்கு."

செல்லக்கண்ணு சன்னமாக, "ஆமாங்கய்யா, மஞ்சத் தேச்சுக் குளிக்கற செலவு மிச்சம்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து அவள் கட்டிலுக்குப் போனார். ஒரு கையை வெளியே எடுத்தார். அவள் வலது விலாவுக்குக் கீழே வைத்து, "எப்ப இருந்து வலிக்கு?" என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல முழுவதையும் நின்று கேட்டார்.

எங்கள் இருவரையும் ஒரே காலையில் கொண்டு போனார்கள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரே தியேட்டர் கூடத்தில் இரண்டு மேஜை. நடுவில் ஒரு பச்சைத் திரை. என் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். அதனால் நான் விழித்திருந்தேன். செல்லக்கண்ணுவை முழுசாகத் தூங்க வைத்தார்கள். முகமூடி வைக்கும் முன் அவள் சத்தம் கேட்டது: "அய்யா, கல்ல எடுத்துத் தூக்கிப் போட்றாதீங்க. எங்க வூட்டுக்காரருக்குக் காட்டணும்."

என் காலடியில் மல்ஹோத்ரா வேலையைத் தொடங்கிவிட்டார். யாரோ தூரத்தில் துணி கிழிக்கிற மாதிரி இருந்தது. என் காது மட்டும் திரைக்கு அந்தப்புறம் இருந்தது. அண்ணன் கத்தியைக் கேட்ட சத்தம் கேட்டது. கொடுத்த சத்தமும் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. தட்டில் ஒரு ஆயுதமும் அசையவில்லை. மல்ஹோத்ராகூடக் கையை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது.

"கோமு." திரைக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல். "இருக்கியா?"

"இருக்கேன் அண்ணே."

"வலிக்கா?"

"இல்லண்ணே. நெசமாவே இல்ல."

ஒரு மூச்சு விடும் நேரம். அப்புறம், "லைட்டக் கொஞ்சம் இந்தப் பக்கம். எங்க பாத்துக்கிட்டு இருக்கே? இதர் தேக்கோ!" என்று யாரையோ அதட்டினார். ஆயுதங்கள் கலகலவென்று அசைந்தன. வீட்டில் நான் கேட்டே இராத குரல் அது. மேஜை விளக்கைப் பார்த்துக்கொண்டு கண்ணீர் காதுக்குள் வழிய நான் படுத்திருந்தேன்.

நடுநடுவே அந்தக் குரல் தணியும். "கோமு?"

"இருக்கேன் அண்ணே."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "கோமு?"

"இருக்கேன்."

செல்லக்கண்ணு கல்லை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு வாங்கிக்கொண்டு, எனக்கு முன்பே வீட்டுக்குப் போனாள். அண்ணன் பழையபடி விடியுமுன் போகிறார், பழையபடி களைத்து வருகிறார். இப்போது தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார், மதினிதான் பரிமாறுகிறார்கள். உடம்பைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் சில நாள் சாப்பாட்டுக்கு நடுவில், கை சோற்றில் இருக்கும்போதே, எதிரில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்பார்: "கோமு, இருக்கியா?"

பிள்ளைகள் சிரிப்பார்கள். மதினி சிரிக்க மாட்டார்கள். கரண்டியைப் பிடித்தபடி நான் பதில் சொல்லும்வரை நிற்பார்கள்.

"இருக்கேன் அண்ணே" என்பேன். அதற்குப் பிறகுதான் அடுத்த வாய் எடுப்பார்.